புரவியும் புடவையும்
இயற்கைத் தெய்வ வழிபாட்டில் கலையும் ஆடையும்

(கருக்களாச்சேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவெடுத்த சமயப் போக்குகளில் ஒன்று ‘பேகனிசம்’ என்று அழைக்கப்படுகிறது. கிறித்தவம் பரவுவதற்கு முன்பு அந்த நிலங்களில் வணங்கப்பட்ட தெய்வங்களையும் பருவ விழாக்களையும் மீட்டெடுக்க விரும்பியவர்கள் அமைத்துக்கொண்ட வழிபாடு அது. விக்கா, துரூயிட் நெறி, வடபுல நாடுகளின் ஓடின், தோர் வழிபாடு எனப் பல கிளைகள் அதில் உண்டு. பொதுவான வேதநூலோ தலைமைப் பீடமோ கிடையாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் சமயம் ‘பேகன்’ என்று பதிந்தனர்.

விக்காவை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய ஜெரால்ட் கார்ட்னர் 1900-இல் இலங்கைக்கு வந்து சில ஆண்டுகள் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த ஆங்கிலேயர். பின்னர் மலாயாவிலும் நெடுங்காலம் இருந்தார். பிரிட்டனின் பழைய சூனியத் தடைச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. விக்கா பற்றிய கார்ட்னரின் நூல் 1954-இல் வெளிவந்தது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டதும் அதே ஆண்டுதான். அந்த அளவுக்கு இளைய சமயம் அது.

இளைய சமயத்துக்குக் கோயில் கிடையாது, பரம்பரைப் பூசாரி கிடையாது, ஊர்த் திருவிழா கிடையாது. தெய்வம் எப்படி இருக்கும், வணங்குபவர் என்ன உடுத்த வேண்டும் என்பதைச் சொல்லித்தர மூத்தோரும் இல்லை. அந்த வெற்றிடத்தை ஓவியர்களும் நகை செய்பவர்களும் உடை தைப்பவர்களும் நிரப்பினார்கள். அங்கே கலை முன்னே சென்றது. வழிபாடு அதைப் பின்தொடர்ந்தது.

இதற்கு முதல் எடுத்துக்காட்டு குறிபார்க்கப் பயன்படும் டாரட் சீட்டு. இன்று உலகெங்கும் புழங்கும் சீட்டுக் கட்டின் 78 படங்களையும் 1909-இல் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். கட்டுக்குச் சூட்டப்பட்ட பெயரோ ‘ரைடர் - வெயிட்’. ரைடர் என்பது பதிப்பகம். வெயிட் என்பவர் படங்களை வரையச் சொன்னவர். வரைந்தவருக்குச் சொற்பத் தொகை கிடைத்தது; அவரது அடையாளம் படங்களின் ஓரத்தில் சிறு முத்திரையாக ஒதுங்கியது. அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில்தான் பரவியது.

1968-இல் மோனிகா ஷோ என்ற சுவீடிய ஓவியர், தெய்வத்தைப் பிள்ளை பெறும் பெண்ணாக வரைந்தது பிரிட்டனில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. கியூபாவில் பிறந்த ஆனா மெந்தியெத்தா 1970-களில் தன் உடலின் வடிவத்தை மண்ணிலும் மணலிலும் பூவிலும் நெருப்பிலும் பதித்தார். பதித்ததைக் காற்றும் நீரும் அழித்துவிட, புகைப்படம் மட்டும் மிஞ்சியது. தாய்த்தெய்வத்தைத் தேடிய பெண்களுக்கு இந்தப் படைப்புகள் வழிபாட்டுப் படிமங்களாகவே ஆயின.

உடைத் தொழிலும் இதில் கைவைத்தது. அலெக்சாண்டர் மெக்குவீன் தனது 2007 குளிர்காலத் தொகுப்பை, 1692-இல் அமெரிக்காவின் சேலம் நகரில் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட எலிசபெத் ஹவ் என்ற பெண்ணின் நினைவுக்கு அளித்தார். அந்தப் பெண் அவரது தாய்வழி முன்னோரில் ஒருவர். தியோர் நிறுவனம் 2017-இல் கலிபோர்னியாவில் காட்டிய தொகுப்பில் ‘மதர்பீஸ்’ என்ற தாய்த்தெய்வ டாரட் படங்கள் ஆடைகளில் ஏறின. ஐங்கோண நட்சத்திரமும் பிறைநிலாவும் தோரின் சுத்தியலும் நம்பிக்கையாளரின் கழுத்தில் தொங்கிய காலம் போய், எந்த நம்பிக்கையும் இல்லாதவர்கள் வாங்கும் கடைச்சரக்காகவும் அவை ஆகிவிட்டன.

சோழமண்டலக் கரையின் கதை வேறு. மாரியம்மன், காளியம்மன், அங்காளம்மன், பிடாரி, அய்யனார், மதுரைவீரன் ஆகியோரை வணங்குபவர்கள் மேற்கண்ட இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் மழை, நோய், கடல், ஊர் எல்லை, விளைச்சல் ஆகியவற்றைத் தெய்வமாகக் காணும் வழிபாடு இங்கே அறுபடாமல் நடந்துவருகிறது. மேலைநாட்டினர் புதிதாகக் கட்டியெழுப்ப முயலும் ஒன்று இங்கே ஊர்வழக்கமாகவே இருக்கிறது.

அதற்கான எழுத்துச் சான்றும் பக்கத்திலேயே கிடைக்கிறது. காரைக்காலுக்கு வடக்கே உள்ள தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைக் கைப்பிரதியாக எழுதி முடித்தார். ஊர்த்தெய்வங்களுக்கு அதில் தனிப்பகுதி ஒதுக்கினார். அய்யனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பத்திரகாளி, பிடாரி ஆகியோரின் உருவம், படையல், விழா எல்லாம் அதில் விவரமாக உள்ளன. மதமாற்றம் செய்ய வந்தவரின் கையால் அமைந்த அந்த ஆவணம் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. 300 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிவைத்த தெய்வங்களின் கோயில்கள் காவிரிக் கழிமுகத்தில் இன்றும் நிற்கின்றன, பூசை நடக்கிறது.

மண்ணில் எழும் உருவம்

இந்த வழிபாட்டின் தலையாய கலைப்பொருள் சுடுமண் புரவி. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் புரவி எடுப்பு விழா இன்னும் செழிப்பாக நடக்கிறது. விழா நடத்துவதென்று ஊர் கூடி முடிவானதும், ஊர்க் கண்மாயிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் முறைப்படி கொடுப்பார்கள். ‘பிடிமண் கொடுத்தல்’ என்ற இந்தச் சடங்கோடுதான் வேலை தொடங்கும். வேளார் பல ஊர்களில் குயவர் மட்டுமல்லர், அய்யனார் கோயில் பூசாரியும் அவரே.

களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். பெரிய புரவிக்குச் சக்கரம் உதவாது. நான்கு கால்களும் உள்ளே கூடான உருளைகளாக முதலில் எழும். அவை சற்று இறுகிய பிறகு வயிறு, பிறகு கழுத்து, கடைசியில் தலை. மண் இருக்கும் இடத்தில் இருக்க, வேளார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டுப்பலகையால் தட்டி ஏற்றுவார். ஈரம் மிகுந்தால் கால் சரியும். காய்ந்துவிட்டால் அடுத்த சுற்று ஒட்டாது. மணி, சலங்கை, சேணம், கடிவாளம் எல்லாம் மண்ணாலேயே செய்து ஒட்டப்படும். பிறகு வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கி, மேலே மண் பூசி வேகவைப்பார்கள். சுட்ட புரவிக்குச் சுண்ணாம்பு அடித்து வண்ணம் தீட்டுவார்கள். விழா நாளில் கண் திறந்து, மாலையும் துண்டும் சாத்தி, ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள்.

கோயிலில் இறக்கி வைத்தபின் அந்தப் புரவியை யாரும் பழுதுபார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று வண்ணம் உதிரும், காது உடையும், புல் முளைக்கும். பக்கத்தில் அடுத்த விழாவின் புரவி வந்து நிற்கும். செய்வது கடமை, கொடுப்பது நேர்த்தி. பாதுகாப்பது வழக்கத்தில் இல்லை. மாசி மாதத்து மயானக் கொள்ளையிலும் இதே கதைதான். சுடுகாட்டு மண்ணில் படுத்த கோலத்தில் அம்மனைப் பெரிதாகச் செய்து, பூசை முடிந்த அன்றே கூட்டம் அதைக் கலைத்து மண்ணைப் பிரசாதமாக அள்ளிச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மெந்தியெத்தாவின் மண் உருவங்களுக்கு இங்கே இப்படி ஓர் உறவு இருக்கிறது. அவர் அழிவதைப் படம் எடுத்து வைத்தார். இங்கே அழிவது விழாவின் ஒரு பகுதி.

கல்லிலும் சுதையிலும் நிலைத்த புரவிகளும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 30 அடிக்கும் மேல் உயரம். மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலை சாத்துவது நேர்த்திக்கடன். குதிரையின் உயரத்துக்குக் கட்டிய மாலைகள் வண்டிகளில் வந்து இறங்கும். சாரத்தில் நிற்பவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப் போட, மாலைக்குள் குதிரையே மறைந்துபோகும். சிலை நிரந்தரம், அதன் ஆடை ஆண்டுதோறும் புதிது.

உடுத்துவதும் ஒரு நேர்த்தி

அம்மன் கோயில்களில் அலங்காரம் என்பது தனித் தொழில்நுட்பம். ஓர் அடி, இரண்டு அடி உயர உற்சவ மேனிக்கு ஐந்தரை மீட்டர் புடவை சாத்த வேண்டும். பூசாரி புடவையை நீளவாக்கில் மடித்து, கொசுவத்தை விசிறிபோல் விரித்து, நூலால் கட்டி, மரச்சட்டத்தின் துணையோடு இடுப்பளவில் நிறுத்துவார். முன்தானை தோள்மீது ஏறி இறங்கும். மேலே கவசம், எலுமிச்சை மாலை, வேப்பிலை. ஆடிப்பூரத்தில் வளையல் அலங்காரம். வேறொரு நாளில் சந்தனக்காப்பு. இன்னொரு நாளில் மஞ்சள்காப்பு. பக்தர்கள் சாத்திய புடவைகளைப் பிறகு கோயிலில் ஏலம் விடுவதும் உண்டு. அம்மன் உடுத்திய புடவை என்று அதை வாங்கி வீட்டு விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ளும் பெண்கள் ஏராளம். தெய்வத்தின் ஆடைக்கும் பெண்ணின் ஆடைக்கும் நடுவே சுவர் இல்லை.

காரைக்கால் கரையில் தெய்வத்தை உறவாக்கும் ஆடை மரபு மாசிமகத்தில் வெளிப்படும். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, மீனவப் பெண்ணை மணந்தவர் என்ற ஐதீகத்தால் மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்றே வரவேற்கிறார்கள். பட்டு உடுத்தி வருபவர் ஊருக்கு மருமகன். அதற்கேற்ற மரியாதையும் நடக்கிறது. காரைக்காலின் மாங்கனித் திருவிழா இன்னொரு விதம். முதலில் புனிதவதி மணப்பெண்ணாக அலங்கரிக்கப்பட்டுத் திருமணம் நடக்கிறது. முடிவில் அவரே அழகை உதறிய பேயுருவக் காரைக்கால் அம்மையாராகிறார். சோழர் கால வெண்கலச் சிற்பிகள் எலும்பும் நரம்பும் தெரிய வடித்த அந்த அம்மையார் உருவங்கள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கன்சாஸ் நகர் நெல்சன் - அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அணிவதைப் போலவே களைவதும் இந்த மண்ணில் கலைக்குப் பொருளானது.

வணங்குபவரின் உடையும் ஒரு விரதமே. சமயபுரத்துக்கு மஞ்சள், சபரிமலைக்குக் கறுப்பு, மேல்மருவத்தூருக்குச் சிவப்பு என்று பக்தர்களின் உடையை வைத்தே போகும் இடத்தைச் சொல்லிவிடலாம். மேல்மருவத்தூரில் பங்காரு அடிகளார் (1941 - 2023) வளர்த்த ஆதிபராசக்தி வழிபாட்டில் செவ்வாடை எல்லாருக்கும் ஒன்று. பெண்கள் கருவறைக்குள் சென்று பூசை செய்கிறார்கள், மாதவிலக்கு அதற்குத் தடையாவதில்லை. சாதியையும் வசதியையும் காட்டிக்கொடுக்கும் உடை அங்கே கழற்றி வைக்கப்படுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் பரவலாக உடுத்தப்பட்ட சமயச் சீருடைகளில் அதுவும் ஒன்று.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவில் வேடமே வழிபாடு. நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, கொடியேற்றத்துக்குப் பின் காப்புக் கட்டி, காளி, குறவன், குறத்தி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேடம் பூண்டு வீடு வீடாகக் காணிக்கை பெற்றுக் கோயிலில் சேர்க்கிறார்கள். வேடங்களில் கடினமானது காளி. கிரீடம், சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சூலாயுதம் என்று சுமை ஏறும். விரதமும் அதற்கேற்பக் கடுமையாகும். வேடப்பொருள் கடைகளுக்கு அதுவே ஆண்டின் பெரிய வியாபாரம். எந்த வேடம் போடுவது என்பதை விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நோய் தீர்ந்ததற்கும் பிள்ளை பிறந்ததற்கும் நேர்ந்துகொண்ட கடன் அது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் வழிபாடும் அழகுப் போட்டியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. சித்திரை மாதக் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கைகள் நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். விழாவை ஒட்டி விழுப்புரத்தில் ‘மிஸ் கூவாகம்’ போட்டி நடக்கிறது. பட்டும் நகையும் ஒப்பனையும் மேடையேறுகின்றன. பிறகு கூவாகத்தில் கூத்தாண்டவராகிய அரவானுக்கு மணப்பெண்களாகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேரில் அரவான் எழுகிறார்; தலை கோயிலில் இருக்க, உடலின் பாகங்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து சேர்கின்றன. களப்பலி முடிந்ததும் தேரின் பூவும் அலங்காரமும் பிய்க்கப்படுகின்றன. தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். ஒப்பனை மேடையும் ஒப்பாரிக் களமும் ஒரே விழாவுக்குள் அடங்குகின்றன. ஊரும் உறவும் மறுத்த பெண்மையை ஒரு தெய்வத்தின் முன் ஊரறிய உடுத்திக்கொள்ளும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது.

கடல் கடந்த துணி

இந்தக் கரையின் துணிகள் தெய்வத்துக்கும் வெளிநாட்டு மோஸ்தருக்கும் ஒருங்கே உழைத்தவை. கும்பகோணத்துக்கு வடக்கே சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் வரையப்படும் கருப்பூர் கலம்காரி, தேரில் தொங்கும் தொம்பை, வாசல் தோரணம், விதானச்சீலை எனக் கோயிலுக்கான துணி. மூங்கில், ஈச்சங்குச்சி ஆகியவையே எழுதுகோல்; இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு; கடுக்காய் ஊட்டிய துணி. 2021-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வண்ணத்துணிகள் ஐரோப்பாவைப் பித்துப்பிடிக்க வைத்ததால், பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடை விதித்திருந்தது. 1739-இல் காரைக்காலைப் பிரெஞ்சுக் கம்பெனி பெற்றபோதும் அந்தத் தடை நீடித்தது.

சென்னைக் கட்டத்துணியின் பயணம் இன்னும் விநோதமானது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தத் துணியை வாங்கி, பிளேடால் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி, புதிய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். குலத்தின் இறந்தோர் சடங்கில் அதற்குத் தனி இடம் உண்டு. காவிரிக் கழிமுகத்தைப் போன்ற இன்னொரு கழிமுகத்தில், இன்னொரு முன்னோர் வழிபாட்டில், தமிழ்த் தறியின் துணி புனிதப் பொருளானது. கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அதே கட்டத்துணி ‘மத்ராஸ்’ என்ற பெயரில் பெண்களின் தலைக்கட்டாகி, இன்று அத்தீவுகளின் மரபுடையாக நிலைத்திருக்கிறது.

அத்தீவுகளுக்குத் துணி மட்டும் போகவில்லை. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1854-க்கும் 1889-க்கும் இடையில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு மாரியம்மன் ‘மாலியெமேன்’ ஆகவும் மதுரைவீரன் ‘மால்தெவிலன்’ ஆகவும் போனார்கள். காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நாகூரின் ஆண்டவரும் ‘நாகூமிலா’ ஆகிக் கொடிமரத்தோடு அங்கே நிற்கிறார். மொழி மறந்த பேரப்பிள்ளைகள் கரும்புத் தோட்டத்து நடுவே சிலைக்கு வண்ணம் பூசி, துணி உடுத்தி, ஆடு பலி கொடுக்கிறார்கள். நூல்களும் பூசாரிக் குலமும் குறைந்த இடத்தில் உருவமும் உடையும் தாளமும் சமயத்தைக் காத்தன.

அச்சு, திரை, காட்சிக்கூடம்

இன்று தமிழர் மனத்தில் நிற்கும் அம்மனின் தோற்றம் பெரிதும் அச்சுக்கலையின் கொடை. 1894-இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தெய்வப் பெண்களைப் புடவையில் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898 - 1976) தம் மாணவர்களோடு வரைந்த தெய்வப்படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் லட்சக்கணக்கில் அச்சாயின. பிறகு திரைப்படம் வந்தது. 1971-இன் ‘ஆதிபராசக்தி’ முதல் 2020-இன் ‘மூக்குத்தி அம்மன்’ வரை நடிகையரின் புடவையும் கிரீடமும் மூக்குத்தியும் கோயில் சுதைச் சிற்பங்களுக்கே முன்மாதிரியாகும் அளவுக்குப் பரவின. தெய்வம் மோஸ்தரைத் தந்தது. மோஸ்தர் தெய்வத்தைத் திருத்தியது.

நவீன ஓவியர்களும் இந்த ஊற்றுக்கு வந்தார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைக்கிராமத்தில், பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி எழுப்பிய நேர்முகத் தெய்வ உருவங்களும், ஜே. சுல்தான் அலியின் நாட்டார் விலங்குகளும் உருப்பெற்றன. பாரிசைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த கைகளுக்கு ஊர் எல்லையில் நின்ற உருவங்கள் புதுவழி காட்டின. உலக உடைத் தொழிலும் அண்மையில் இந்தப் பக்கம் திரும்பியது. 2022 ஜனவரியில் பாரிஸ் ரோதின் அருங்காட்சியகத்தில் நடந்த தியோர் காட்சிக்கு மாதவி பாரேக், மனு பாரேக் ஆகிய இந்திய ஓவியர்களின் படைப்புகளை மும்பைக் கைவினைஞர்கள் பெரும் பூத்தையல் திரைகளாக ஆக்கிக் கொடுத்தார்கள்.

எல்லை எங்கே என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 2011-இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று லட்சுமி உருவம் அச்சிட்ட நீச்சலுடையை மேடையேற்றியபோது இந்தியாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு உடையைக் கைவிட்டது. ஆனால் அம்மன் படம் போட்ட சட்டையைத் திருவிழாவில் இளைஞர்கள் போடுகிறார்கள். மீன்பிடிப் படகுகளின் பக்கவாட்டில் தெய்வத்தின் பெயரும் படமும் இருக்கின்றன. அவற்றை யாரும் குறைசொல்வதில்லை. அணிபவருக்கும் தெய்வத்துக்கும் உறவு இருக்கிறதா, அணிவது ஒரு கடனைச் செலுத்துகிறதா, வெறும் விற்பனைக்கா என்பதை ஊர் எளிதில் கண்டுகொள்கிறது.

உருவத்தைச் செய்பவரின் நிலை அதைவிடப் பெரிய கேள்வி. ஊர்வழக்கத்தில் வேளாருக்கு எழுதிய பெயர் தேவைப்படவில்லை. பிடிமண் வாங்கும் உரிமை, விழாவில் முதல் மரியாதை, நெல், வேட்டி, பூசையில் பங்கு ஆகியவையே அவரது கையெழுத்து. புரவி கோயிலை விட்டு நட்சத்திர விடுதியின் முகப்புக்கோ காட்சிக்கூடத்துக்கோ போகும்போது அந்த மரியாதைகள் எதுவும் உடன் போவதில்லை. ‘சுடுமண் குதிரை, தமிழ்நாடு’ என்ற சீட்டு மட்டும் ஒட்டப்படுகிறது. கலம்காரிக்கும் அதே நிலைதான். பமீலா ஸ்மித்துக்கு 1909-இல் நேர்ந்தது இங்கே அன்றாடம் நடக்கிறது. மாற்றமும் இல்லாமல் இல்லை: புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது, அதன் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஐரோப்பியப் புதுச்சமயத்துக்குக் கலைஞர்கள் தெய்வத்தைத் தேடித்தந்தார்கள். இந்தக் கரையில் தெய்வம் கலைஞர்களுக்குத் தொழிலையும் இடத்தையும் தந்தது. ஊர் தரும் மரியாதைக்கு ஈடாக வெளிச்சந்தை தரக்கூடியவை இரண்டுதான்: செய்தவரின் பெயரும் உரிய கூலியும். சுடுமண் புரவியையோ எழுதிய துணியையோ வாங்குபவர் செய்தவர் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். விற்பவர் அதை எழுதி ஒட்ட வேண்டும். காட்சிக்கு வைப்பவர் ஊரையும் குடும்பத்தையும் குறிப்பிட வேண்டும். அவ்வளவும் செய்யாத நாகரிகம் தெய்வத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டு, அதைச் செய்த கையைத் தள்ளிவிட்டதாகவே ஆகும்.